உதவி கேட்டவரும் கேட்காதவரும்: கேரி கூப்பர், ஜான் வெய்ன்

1953 மார்ச் 19 அன்று ஆஸ்கர் விழா முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. சிறந்த நடிகருக்கான விருது 'ஹை நூன்' படத்துக்காக கேரி கூப்பருக்குக் கிடைத்தது. அவர் அப்போது மெக்சிகோவில் ஒரு படப்பிடிப்பில் இருந்தார். அவருக்காக மேடையேறி விருதைப் பெற்றுக்கொண்டவர் ஜான் வெய்ன். நண்பரை மனதாரப் பாராட்டினார். இந்த வேடம் கூப்பருக்குப் போனது எப்படி, எனக்கு ஏன் வரவில்லை என்று என் மேலாளரைப் பிடித்துக் கேட்கப்போகிறேன் என்று சொல்லி அரங்கைச் சிரிக்கவைத்தார். 1971-இல் 'பிளேபாய்' இதழுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் அதே வெய்ன் அதே படத்தைப் பற்றி, தன் வாழ்நாளில் பார்த்தவற்றிலேயே அமெரிக்காவுக்கு இவ்வளவு விரோதமான ஒன்று கிடையாது என்றார்.

இடையில் அவர் மனம் மாறிவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் படத்தை எழுதியவரை ஹாலிவுட்டை விட்டே விரட்டும் வேலையில், மேடையேறுவதற்கு முன்பே அவர் இறங்கியிருந்தார்.

கூப்பரையும் வெய்னையும் ஒரே கூடையில் போடுவதுதான் வழக்கம். இருவரும் ஆறடிக்கு மேல் உயரம். இருவரும் குதிரையும் துப்பாக்கியுமாக உலகெங்கும் அமெரிக்க மேற்கின் முகமாகத் தெரிந்தவர்கள். இருவரும் குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள், கம்யூனிசத்தை எதிர்த்த ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். இருவரையும் புற்றுநோய்தான் கொண்டுபோனது. இவ்வளவு பொருந்திப்போகும் இருவரில் ஒருவரின் மிகச் சிறந்த படம் இன்னொருவருக்கு ஏன் அத்தனை கசந்தது? எனக்குத் தெரிந்து விடை ஒரு சின்னக் கேள்வியில் இருக்கிறது. ஆபத்து வரும்போது ஆண்பிள்ளை ஒருவன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி உதவி கேட்கலாமா, கூடாதா? கூப்பர் திரையில் தட்டினார். வெய்ன் கடைசிவரை தட்டவில்லை. திரைக்கு வெளியே யார் கதவைத் தட்டினார்கள், யார் கதவைத் திறந்தார்கள் என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

கூப்பர் 1901 மே 7-இல் மொன்டானா மாநிலத்தின் ஹெலினா நகரில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தை வழக்கறிஞர், பிற்பாடு மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. ஹெலினாவுக்கு வடக்கே குடும்பத்துக்கு ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. பிள்ளைகள் காட்டான்களாக வளர்ந்துவிடுவார்களோ என்று பயந்த தாய், அண்ணன் தம்பி இருவரையும் இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் பள்ளியில் சில ஆண்டுகள் படிக்கவைத்தார். பதின்ம வயதில் ஒரு கார் விபத்தில் கூப்பருக்கு இடுப்பில் அடிபட்டது. குதிரையேற்றம் நல்லது என்று மருத்துவர் சொல்ல, அடிபட்ட இடுப்போடு குதிரை ஏறி ஏறி ஒரு சாய்வு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. திரையில் அவர் சற்றே ஒருக்களித்து நடப்பதையும் சேணத்தில் கொஞ்சம் சரிந்து உட்கார்வதையும் பார்த்து ரசித்தவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள். வலிதான் அது.

அவர் ஆசைப்பட்டது நடிப்புக்கு அல்ல. அயோவாவின் கிரின்னல் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு, பத்திரிகையில் கார்ட்டூன் போட வேண்டும் என்று 1924 கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். அங்கே பழைய மொன்டானா நண்பர்கள் சிலர் மலிவுப் படங்களில் குதிரையிலிருந்து விழுவதற்கு நாள்கூலி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவரும் விழுந்தார். அவருடைய இயற்பெயரான ஃபிராங்க் கூப்பர் என்ற பெயரில் ஏற்கெனவே நடிகர்கள் இருந்ததால், ஏஜென்ட் நான் காலின்ஸ் இந்தியானா மாநிலத்தின் கேரி என்ற ஊரின் பெயரை அவருக்கு வைத்தார். 1929-இல் 'தி விர்ஜீனியன்' பேசும் படத்தில் அவர் நட்சத்திரம். பத்தே ஆண்டில், 1939-இல், அமெரிக்காவிலேயே அதிகச் சம்பளம் வாங்கியவர் என்று அரசுக் கருவூலத் துறை வெளியிட்ட பட்டியலில் முதல் பெயர் அவருடையது: 4,82,819 டாலர்.

வெய்னின் கதையில் மேற்கு இப்படிப் பிறவியோடு வரவில்லை. 1907 மே 26-இல் அயோவாவின் வின்டர்செட்டில் ஒரு மருந்துக்கடைக்காரருக்கு மகனாகப் பிறந்த மேரியன் மோரிசன் அவர். தந்தையின் உடல்நிலைக்காகக் குடும்பம் கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவன ஓரத்துக்கு வந்து விவசாயம் பார்த்தது. மண் விளைச்சல் கொடுக்கவில்லை. அங்கே பள்ளிக்குக் குதிரையில் போக வேண்டியிருந்த பையனுக்குக் குதிரை ஒரு சிரமமாகத்தான் பட்டது. பிறகு கிளெண்டேல் நகரம். டியூக் என்ற நாயோடு அவன் தினமும் தீயணைப்பு நிலையத்தைக் கடந்து போக, அங்கிருந்தவர்கள் நாயின் பெயரையே பையனுக்கும் வைத்தார்கள். உலகம் கடைசிவரை அவரை டியூக் என்றுதான் அழைத்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து உதவித்தொகையில் சேர்ந்தவர், கடல் அலையில் விளையாடப்போய்த் தோளில் அடிபட்டு அதை இழந்தார். ஃபாக்ஸ் ஸ்டூடியோவில் மேசை நாற்காலி தூக்கும் வேலைக்குப் போனார். அங்கேதான் இயக்குநர் ஜான் ஃபோர்டின் கண்ணில் பட்டார்.

1930-இல் ராவுல் வால்ஷ் அவரை 'தி பிக் ட்ரெய்ல்' படத்தின் நாயகனாக்கினார். ஜான் வெய்ன் என்ற பெயர் முடிவான அறையில் அவர் இருக்கவே இல்லை. 70 மி.மீ. அகலத் திரைக்காக எடுத்த படம் அது. பொருளாதாரச் சரிவின் நேரத்தில் அந்தத் திரையை மாட்டப் பெரும்பாலான தியேட்டர்காரர்களுக்கு வசதி இல்லை. படம் படுத்தது. அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் மலிவுக் கௌபாய் படங்களில் ஓடின. அவற்றில் ஒன்றில் பாடும் கௌபாயாகக்கூட வந்தார். வாயசைப்பு அவருடையது, பாட்டு வேறொருவர் பாடியது.

அந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் அவற்றை வீணாய்ப்போன காலம் என்று தாண்டிப்போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெய்ன் வெய்னானது அங்கேதான். யாக்கிமா கனட் என்ற ரோடியோ வீரர், ஹாலிவுட்டின் பெரிய ஸ்டன்ட் மாஸ்டர், அவருடன் வேலை செய்தார். குதிரையில் உட்காரும் விதம், விழும் விதம், அடி படாமல் அடிப்பதாகக் காட்டும் கேமரா கோணம் எல்லாம் அந்தக் கூட்டணியில் உருவானவை. கனட்டின் நடையையும், ஆபத்து நெருங்கும்போது குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசும் பாணியையும் வெய்ன் கவனித்துத் தனதாக்கிக்கொண்டார். ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, ஒரு நொடி விட்டு, மீதியைச் சொல்வார். அந்த ஒரு நொடி முழுக்க எல்லாக் கண்களும் அவர்மேல் இருக்கும். பண்ணையில் வளர்ந்த கூப்பர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை, மருந்துக்கடைக்காரர் மகன் செட்டில் நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். பிற்காலத்தில் அசல் கௌபாய் யார் என்று கேட்டால் உலகம் வெய்னைத்தான் கைகாட்டியது. அத்தனை உழைப்பு அது.

கூப்பரின் நடிப்பு நேர் எதிர்த் திசை. செட்டில் நின்று பார்த்தால் இவர் ஒன்றுமே செய்யவில்லையே என்று இயக்குநர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். படச்சுருளைத் திரையில் ஓட்டினால் எல்லாம் அங்கே இருக்கும்: கீழுதட்டில் ஒரு சிறு அசைவு, கண் தாழ்ந்து எழுவது, பதில் சொல்லுமுன் விழுங்கும் எச்சில். வெய்னை முழு உருவமாகத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். கூப்பரை முகத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாக நம்மில் பலருக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கமான டெக்ஸ் வில்லரை 1948-இல் இத்தாலியில் வரையத் தொடங்கிய கேலப்பினி, ஆரம்பத்தில் கூப்பரின் முகச் சாயலைத்தான் எடுத்துக்கொண்டார் என்பார்கள். கூப்பரைத் திரையில் பார்க்காத தமிழ் வாசகரும் அந்த ஒட்டிய கன்னத்தை எங்கோ பார்த்தவர்தான்.

இருவர் பாதையும் முதலில் குறுக்கிட்டது 'ஸ்டேஜ்கோச்' படத்தில். ஃபோர்ட் அந்தக் கதையோடு தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கிடம் போனபோது, செல்ஸ்னிக் கேட்டது கூப்பரையும் மார்லீன் டீட்ரிச்சையும். ஃபோர்ட் வெய்ன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, வேறு தயாரிப்பாளரைப் பார்த்துக்கொண்டார். 1939-இல் வந்த அந்தப் படத்தில் வெய்ன் அறிமுகமாகும் ஷாட்டைச் சினிமா மாணவர்கள் இன்றும் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். பாலைவனத்தில் நிற்கிறார், ஒரு கையில் சேணம், மறு கையில் துப்பாக்கியை ஒரு சுற்றுச் சுற்றுகிறார், கேமரா அவர் முகத்தை நோக்கிப் பாய்கிறது. பாயும்போது ஒரு கணம் ஃபோகஸ் தவறுகிறது. ஃபோர்ட் அதை அப்படியே வைத்துக்கொண்டார். மங்கலிலிருந்து முகம் தெளிந்து வரும்போது, அவ்வளவு நாள் தெரியாத ஒருவரைப் புதிதாகப் பார்க்கும் உணர்வு வருகிறது.

இரண்டாம் உலகப் போரில் இருவருமே ராணுவச் சீருடை போடவில்லை. கூப்பருக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது, இடுப்பும் பழுது. 1943-இல் நியூ கினி பக்கம் போய்ப் படைவீரர்களைச் சந்தித்துவந்தார். வெய்னுக்கு 34 வயது, நான்கு குழந்தைகள். குடும்பக் காரணம் காட்டி விலக்கு பெற்றார். பிறகு விலக்கு நீங்கும் நிலை வந்தபோது, ரிபப்ளிக் ஸ்டூடியோ தலையிட்டு மீண்டும் வாங்கிக்கொடுத்தது. ஃபோர்ட் கடற்படையில் இருந்தார். ஹென்றி ஃபோண்டாவும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் போருக்குப் போனார்கள். வெய்ன் திரையில் போரிட்டார். அந்தக் குற்றவுணர்ச்சிதான் அவரைப் பிற்காலத்தில் தேசபக்தியில் எல்லோரையும் மிஞ்சவைத்தது என்று அவருடைய மூன்றாவது மனைவி பிலர் எழுதியிருக்கிறார். மனைவி சொன்னதை நான் தட்ட மாட்டேன்.

இனி 'ஹை நூன்'. ஹாட்லிவில் என்ற சிற்றூரின் மார்ஷல் வில் கேன் திருமணம் செய்துகொண்டு, பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பும் நாள். அவர் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி நண்பகல் ரயிலில் வருகிறான் என்று தந்தி வருகிறது. மூன்று கூட்டாளிகள் ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே போன கேன் திரும்பி வருகிறார். மீதிப் படம் முழுக்க அவர் ஆள் சேர்க்க அலைகிறார். படம் 85 நிமிடம். கதையில் ஓடும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே. சுவர்க் கடிகாரங்கள் நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். கேன் நண்பர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். நண்பர் ஜன்னல் வழியே முன்பே பார்த்துவிட்டார். நான் இல்லை என்று சொல்லிவிடு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே ஒளிகிறார். அந்தப் பெண் கதவைத் திறந்து, அவர் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, கணவர் கோயிலில், மனைவி வீட்டில். கூப்பரின் முகத்தைப் பாருங்கள். பொய் என்று அவருக்குத் தெரிகிறது. தெரிந்தது அவளுக்கும் தெரிகிறது. அவர் அவளை அதற்குமேல் சங்கடப்படுத்தாமல் திரும்பிவிடுகிறார். அவமானப்பட்டவரே அவமானப்படுத்தியவளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போகிறார். இதை வசனமே இல்லாமல் ஒரு முகத்தில் கொண்டுவந்த இன்னொரு நடிகரை என்னால் உடனே சொல்ல முடியவில்லை.

படப்பிடிப்பு நடந்த 1951 இலையுதிர் காலத்தில் கூப்பருக்கு 50 வயது. வயிற்றுப்புண், இடுப்பு வலி, மனைவியைப் பிரிந்த நேரம், வரிசையாகச் சுமாரான படங்கள். இயக்குநர் ஃபிரெட் சின்னமன் அந்த முகத்தில் மேக்கப்பை மிகக் குறைத்தார். ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் கிராஸ்பி, உள்நாட்டுப் போர்க்கால மேத்யூ பிரேடி புகைப்படங்களை மாதிரியாக வைத்து, வானம் வெளுத்துத் தெரியும்படி எடுத்தார். சுருக்கங்கள் அப்படியே தெரிகின்றன. சண்டைக்கு முன் கேன் மேசையில் கைகளில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார், உயில் எழுதுகிறார். நாயகன் ஒருவன் பயப்படுகிறான் என்பதை ஒளிக்காமல் காட்டிய காட்சி அது. சற்று நேரத்தில் தெருவில் அவர் ஒருவர் மட்டும் நிற்க, கேமரா கிரேனில் மேலே மேலே போகிறது. ஊர் முழுக்கக் காலி. கடைசியில் அவரைக் காப்பாற்றுவது கொலையே பாவம் என்று நம்பும் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த புது மனைவி, கிரேஸ் கெல்லி. எல்லாம் முடிந்தபின் ஊரார் வெளியே வருகிறார்கள். கேன் பேட்ஜைக் கழற்றிப் புழுதியில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியேறுகிறார்.

இதை எழுதியவர் கார்ல் ஃபோர்மன். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து விலகியவர். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, 1951 செப்டம்பரில், அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. பழைய தோழர்களின் பெயர்களைச் சொல்ல அவர் மறுத்தார். சினிமாவில் அதன் பொருள் கறுப்புப் பட்டியல். அவருடைய கூட்டாளியான தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமரே அவரை ஒதுக்கப் பார்த்தார். வீடு வீடாகப் போய்க் கெஞ்சும் மார்ஷலின் கதையை எழுதிக்கொண்டிருந்தவருக்கே ஒவ்வொரு கதவாக மூடியது.

கூப்பர் என்ன செய்தார்? 1947-இல் அதே குழுவின் முன் தானே விரும்பிப் போய்ச் சாட்சி சொன்னவர் அவர். கம்யூனிசம் எனக்குப் பிடிக்காது என்றார்; யார் பெயரையும் சொல்லாமல் வந்தார். அப்படிப்பட்டவர் ஃபோர்மன் பக்கம் நின்றார். படம் முடிந்தபின் ஃபோர்மன் தொடங்கவிருந்த நிறுவனத்தில் பங்கு போடுவதாக வெளிப்படையாக அறிவித்தார். வெய்ன் அப்போது, 1944-இல் தொடங்கிய 'அமெரிக்க இலட்சியங்களைக் காப்பதற்கான திரைப்படக் கூட்டணி'யின் தலைவர். கூப்பரும் அதன் உறுப்பினர். வெய்ன் தரப்பிலிருந்தும் கிசுகிசுப் பத்திரிகையாளர் ஹெட்டா ஹாப்பரிடமிருந்தும் ஸ்டூடியோவிடமிருந்தும் நெருக்கடி வந்தது. சில நாட்களில் கூப்பர் பின்வாங்கினார்.

எனக்கு இது மிகவும் வலிக்கும் இடம். படத்தில் ஒரு மனிதர் முதலில் துணைக்கு வருகிறேன் என்று உற்சாகமாகச் சொல்கிறார். வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் மனைவி, பிள்ளை என்று சொல்லி நழுவுகிறார். கூப்பர் நிஜத்தில் அந்த மனிதரானார். ஆனாலும் அவரை மற்றவர்களோடு சேர்க்க மனம் வரவில்லை. ஃபோர்மனே பின்னாளில், பெரிய நட்சத்திரங்களில் உதவ முயன்றவர் இவர் ஒருவர்தான் என்று நன்றியோடு நினைவுகூர்ந்தார். கதவைத் திறந்து பாதி தூரம் வெளியே வந்தவருக்கும், ஒளிந்துகொண்டு இல்லை என்று சொல்லச் சொன்னவருக்கும் வித்தியாசம் உண்டு. ஃபோர்மன் இங்கிலாந்துக்குப் போனார். இலங்கையின் கித்துல்கல ஆற்றங்கரையில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் திரைக்கதையில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தும், 1957-இல் திரையில் பெயர் போடவில்லை. அதற்கான ஆஸ்கர், அவர் இறந்தபின் 1984-இல்தான் அவர் கணக்கில் ஏறியது. அவரைத் துரத்த உதவியதற்காக ஒருபோதும் வருந்த மாட்டேன் என்று வெய்ன் 1971 பேட்டியில் சொன்னார். அதே பேட்டியில், கூப்பர் பேட்ஜைக் காலால் மிதித்தார் என்றும் சொன்னார். படத்தில் மிதிக்கவில்லை. கோபம் அந்தக் காட்சியை அவர் மனதில் வளர்த்துவிட்டிருந்தது.

வெய்னின் எதிர்ப்பு பேட்டியோடு நின்றிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்காது. அவர் பதிலைப் படமாகவும் தந்தார். இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸுக்கும் 'ஹை நூன்' பிடிக்கவில்லை. இவர் கூப்பருக்கு முதல் ஆஸ்கர் வாங்கித்தந்த 'சார்ஜென்ட் யார்க்' படத்தை எடுத்தவர், ஆகவே பகையால் பேசியவர் அல்ல. நல்ல ஷெரிஃப் ஊர் முழுக்க ஓடி உதவி கேட்பானா, அது தொழில் தெரிந்தவன் செய்யும் காரியமா என்பது அவர் வாதம். 1959-இல் இருவரும் சேர்ந்து 'ரியோ ப்ராவோ' எடுத்தார்கள். இசை, 'ஹை நூன்' படத்துக்கு இசையமைத்த அதே டிமித்ரி டியோம்கின்.

ஷெரிஃப் ஜான் சான்ஸ் ஒரு கொலைகாரனைச் சிறையில் அடைத்திருக்கிறார். அவனுடைய அண்ணனின் கூலிப்படை ஊரை முற்றுகையிட்டிருக்கிறது. நண்பர் ஒருவர், வார்ட் பாண்ட் நடித்த வேடம், உதவிக்கு வருகிறேன் என்கிறார். குடும்பஸ்தர்களும் அனுபவம் இல்லாதவர்களும் வேண்டாம் என்று சான்ஸ் மறுக்கிறார். அவரிடம் இருப்பது மூவர்: குடிக்கு அடிமையான டீன் மார்ட்டின், நொண்டிக் கிழவர் வால்டர் பிரென்னன், மீசை முளைக்காத ரிக்கி நெல்சன்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். 'ஹை நூன்' படத்திலும் ஒரு குடிகாரர், ஒற்றைக் கண்ணர், துணைக்கு வருகிறேன் என்கிறார். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வருகிறேன் என்கிறான். பழைய மார்ஷல் ஒருவர் இருக்கிறார், மூட்டுவாதத்தில் கை முடங்கியவர். கேன் முதல் இருவரையும் அன்போடு திருப்பி அனுப்புகிறார். மூன்றாமவர் தானே வரமுடியாது என்கிறார். குடிகாரர், இளைஞன், முடங்கிய கிழவர்: கூப்பரின் படம் ஒதுக்கிய அதே மூவரைத்தான் வெய்னின் படம் சேனையாக எடுத்துக்கொள்கிறது. கூப்பர் வல்லவர்களைக் கேட்டார், அவர்கள் வரவில்லை. வெய்ன் ஊராரை வேண்டாம் என்றார்; எளியவர்கள் கேட்காமலே வந்தார்கள். அந்த எளியவர்கள் இல்லாவிட்டால் சான்ஸ் பலமுறை செத்திருப்பார். அவர் துப்பாக்கியில்லாமல் மாட்டிக்கொள்ளும் வேளையில் நாயகி ஆஞ்சி டிக்கின்சன் ஜன்னல் வழியே பூந்தொட்டியை எறிந்து கவனத்தைத் திருப்புகிறார், நெல்சன் சுடுகிறார். இன்னொரு முறை கிழவர் வந்து சேர்கிறார். உதவி கேட்காத வீரனைப் பற்றிய படம் என்று வெய்ன் நினைத்தார். நான் அதில் பார்ப்பது, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் யாராவது காப்பாற்ற வேண்டியிருக்கும் ஒரு மனிதரை.

படமாக எது மேல்? 'ஹை நூன்' இறுக்கமானது, ஒரு வாதத்தை நிரூபிக்க வந்தது. 'ரியோ ப்ராவோ' 141 நிமிடம் சாவகாசமாக நடக்கிறது, நடுவில் சிறைக்குள் உட்கார்ந்து பாடுகிறார்கள். தோழமைக்காக நான் இரண்டாவதைத் தேர்வேன். ஆனால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதில் முதலாவது சொன்னதுதான் நிஜம். ஃபோர்மனின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

வெய்ன் வெறும் உருவம், கூப்பர்தான் நடிகர் என்று யாராவது சொன்னால் 'தி சர்ச்சர்ஸ்' படத்தைக் காட்டுவேன். 1956-இல் ஃபோர்ட் எடுத்தது. கொமான்சிகள் தூக்கிப்போன சகோதரன் மகளைத் தேடி ஈத்தன் எட்வர்ட்ஸ் ஆண்டுக்கணக்கில் அலைகிறான். மீட்க அல்ல, அவர்களோடு வாழ்ந்துவிட்டவளைக் கொல்ல. தன் ரசிகர்கள் போற்றிய அந்த வீரத்துக்குள் இருக்கும் இன வெறுப்பை வெய்ன் பூசிமெழுகாமல் நடித்தார். மீட்கப்பட்ட வெள்ளைப் பெண்களை அவன் திரும்பிப் பார்க்கும் ஒரு குளோஸ்-அப்பில் கண்ணில் தெரியும் அந்த வெறுப்பு, கூப்பருக்கு வந்திருக்காது. கடைசியில் எல்லோரும் வீட்டுக்குள் போக அவன் மட்டும் வாசலுக்கு வெளியே நின்று, ஒரு கையால் மறு முழங்கையைப் பிடித்துக்கொள்கிறான். மௌனப்பட நாயகன் ஹாரி கேரியின் பழக்கம் அது. ஹாரி கேரியின் மனைவி ஆலிவ் அந்தப் படத்தில் நடித்திருந்தார். வெய்ன் தன் கடைசி மகனுக்கு ஈத்தன் என்றே பெயர் வைத்தார். இவ்வளவு தெளிவாக அந்த நோயைத் திரையில் காட்டியவர், 1971 பேட்டியில் கறுப்பினத்தார் பொறுப்புள்ளவர்களாகும் வரை வெள்ளையர் மேலாதிக்கமே சரி என்று பேசினார். இதை அவர் காலத்துப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் உயிர் கொடுத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கலைஞனுக்குத் தெரிந்தது மனிதனுக்குத் தெரியாமல் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கூப்பரின் மார்ஷலுக்கு எதிர்பாராத இடத்தில் ஒரு மறுபிறவி கிடைத்தது. 1989 ஜூன் 4 தேர்தலுக்கு போலந்தின் சாலிடாரிட்டி இயக்கம் ஒட்டிய சுவரொட்டியில் தெருவில் நடந்துவருபவர் வில் கேன். கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச் சீட்டு, நெஞ்சில் மார்ஷல் பேட்ஜுக்கு மேலே இயக்கத்தின் சின்னம். செனட்டின் 100 இடங்களில் 99-ஐ அவர்கள் வென்றார்கள். கம்யூனிஸ்டின் கைவரிசை என்று வெய்ன் ஒதுக்கிய படத்தின் நாயகன், ஒரு கம்யூனிஸ்ட் அரசை வீழ்த்தத் தெருவில் இறங்கினார். இந்த முறை ஊரார் கதவைத் திறந்து வந்தார்கள்.

நோய் வந்தபோது இருவர் குணமும் தலைகீழானது. 1964-இல் வெய்னின் இடது நுரையீரலை அகற்றினார்கள். மார்க்கெட் போய்விடும், வெளியே சொல்லாதீர்கள் என்று சுற்றியிருந்தவர்கள் தடுத்தார்கள். அவர் நிருபர்களைக் கூப்பிட்டு, எனக்கு வந்தது புற்றுநோய் என்று பெயர் சொல்லிப் பேசினார். எல்லோரும் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த வார்த்தையை வாயெடுத்துச் சொல்லவே குடும்பங்கள் கூசிய காலம் அது. அவருடைய திரை வீரங்கள் அனைத்தையும்விட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

திரையில் வீடு வீடாகப் போய்க் கேட்ட கூப்பரோ, 1961 தொடக்கத்தில் இனிக் குணமாகாது என்று தெரிந்தபின்னும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஏப்ரலில் ஆஸ்கர் குழு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. வாங்கிக்கொள்ள வந்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். பேசும்போது குரல் உடைந்தது, கண் கலங்கியது. அதைப் பார்த்துத்தான் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று உலகம் புரிந்துகொண்டது. மே 13-இல், 60 வயது நிறைந்து ஆறு நாளில், கூப்பர் இறந்தார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே ஸ்டூவர்ட், டான் சீகல் இயக்கிய 'தி ஷூட்டிஸ்ட்' படத்தில் மருத்துவராக உட்கார்ந்து, ஜே.பி. புக்ஸ் என்ற வயதான துப்பாக்கிவீரனிடம் உனக்குப் புற்றுநோய் என்று சொல்கிறார். புக்ஸாக நடித்தவர் வெய்ன். படம் எடுக்கும்போதே அவர் சாகக் கிடந்தார் என்று பலர் எழுதுவது சரியல்ல. வயிற்றுப் புற்றுநோய் தெரியவந்தது 1979 ஜனவரியில், ஜூன் 11-இல் இறந்தார். ஆனால் அதுவே அவர் நடித்த கடைசிப் படம். புக்ஸும் யாரையும் துணைக்குக் கேட்பதில்லை. மூன்று எதிரிகளை மதுக்கடைக்கு வரவழைத்துத் தனியாகச் சந்திக்கிறான். மூவரும் விழுந்தபின், மதுக்கடைக்காரன் பின்னாலிருந்து அவன் முதுகில் சுடுகிறான். தங்கியிருந்த வீட்டுப் பையன், ரான் ஹாவர்ட், கீழே கிடந்த புக்ஸின் துப்பாக்கியை எடுத்து அந்தக் கடைக்காரனைச் சுட்டுவிடுகிறான். பிறகு கையிலிருப்பதைப் பார்க்கிறான், அறையின் மறுகோடிக்கு வீசியெறிகிறான். செத்துக்கொண்டிருக்கும் வெய்ன் அவனைப் பார்த்து, சரி என்று மெல்லத் தலையாட்டுகிறார். கூப்பர் பேட்ஜைக் கீழே போட்டதை இருபது ஆண்டுகள் பொறுக்காத மனிதரிடம் அந்தத் தலையாட்டலைப் பற்றி எந்த நிருபராவது கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.